மூன்று கண்ட்ரோலர் மாற்றியும் தீராத புகார்

புகார்

"தம்பி, இந்தக் கண்ட்ரோலர் சரியில்ல. வேற குடு."

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடை. முன்பக்கம் ஹேண்ட்போன் பழுதுபார்க்கும் மேசை. பின்பக்கம் தடுப்பு வைத்து இரண்டு பிளேஸ்டேஷன் 4, இரண்டு டிவி, பஞ்சு வெளியே தெரியும் ஒரு சோபா. மணிக்கு மூன்று வெள்ளி (ரிங்கிட்). கேட்டவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், வயது 44. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பையன் இரண்டாம் படிவம்.

அவர் விளையாடிக்கொண்டிருந்தது 'கிராஷ் பேண்டிகூட்: என். சேன் டிரிலஜி', கிராஷ் என்ற விலங்குப் பாத்திரத்தை ஓடித் தாவ வைக்கும் கேம். முதல் பிளேஸ்டேஷனுக்கு 1996, 1997, 1998 என்று வரிசையாக வந்த மூன்று கிராஷ் கேம்களையும் புதிதாகக் கட்டி, 2017 ஜூனில் ஒரே தொகுப்பாக விட்டார்கள். அதில் முதல் கேமில் 'ரோட் டு நோவேர்' என்று ஒரு கட்டம் உண்டு. மூடுபனிக்கு நடுவில் தொங்கு பாலம். பாதிப் பலகை இல்லை. இருக்கிற பலகைகளில் சில, காலை வைத்ததும் உடைந்து விழும். போதாததற்கு எதிரே காட்டுப்பன்றி ஓடி வரும். அண்ணன் அரை மணி நேரமாக அந்தப் பாலத்தில்தான் நின்றார். நின்றார் என்பதைவிட விழுந்துகொண்டிருந்தார் என்பது சரி.

கண்ட்ரோலரை மாற்றிக் கொடுத்தேன். அதுவும் சரியில்லை என்றார். மூன்றாவதாக, அன்று காலையில்தான் பெட்டியைப் பிரித்த புதுசைக் கொடுத்தேன். அதே பலகை, அதே விளிம்பு, அதே வழுக்கல்.

"மாமா, கண்ட்ரோலர் இல்ல மாமா. உங்க கை," என்றான் பையன்.

"டேய், இந்தப் பாலத்தில கயித்து மேலயே நடந்து போனவன்டா நான். ஒங்கம்மாவக் கேளு."

கோளாறான பொருள் வந்தால் எனக்குச் சந்தோஷம். திறந்து பார்க்கலாம், பாகம் மாற்றலாம், காசு கேட்கலாம். நல்ல பொருள் மேல் புகார் வந்தால்தான் தலைவலி. ஆனால் இந்த மனிதர் பொய்ப் புகார் சொல்கிற ஆள் இல்லை. லோரியில் ஏர் பிரேக் சத்தம் கொஞ்சம் மாறினாலே கண்டுபிடிக்கிறவர். அவர் கை தப்பு சொல்கிறது என்றால் எங்கோ தப்பு இருக்க வேண்டும். விடுமுறை முடிவதற்குள் கண்டுபிடிக்கிறேன் என்று அன்றைய மூன்று வெள்ளியை நிறுத்தி வைத்தேன். அந்த வேட்டைதான் இந்தப் பதிவு.

ஆளின் பின்னணி

வைத்தியர் நோயாளியிடம் கேட்பதுபோல் முதலில் இதைக் கேட்டு வாங்கினேன். வாங்குவதற்கு இரண்டு தே தாரிக் செலவானது.

இவர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். 90களின் தொடக்கத்தில் வீட்டுக்கு மைக்ரோ ஜீனியஸ் வந்தது. தைவானில் செய்த, நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கேசட்டுகளை ஓட்டும் நகல் பெட்டி. இந்த நாட்டில் அந்த வயதுக்காரர்களிடம் 'நிண்டெண்டோ' என்றால் யோசிப்பார்கள், 'மைக்ரோ ஜீனியஸ்' என்றால் முகம் மலரும். அவர்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் இரவு பத்துக்கு நிற்கும். கேமைப் பாதியில் சேமித்து வைக்க வழி கிடையாது. பத்துக்குள் முடிக்கவில்லை என்றால் நாளை முதலிலிருந்துதான். அதனால் மூளை யோசிப்பதற்கு முன் கை போய்விட வேண்டும். "கண்ண மூடிக்கிட்டும் தாண்டுவேன்," என்றார். நம்புகிறேன்.

அப்புறம் பட்டணத்துப் பக்கம் வீடு மாறி, பிளேஸ்டேஷன் வாங்கி, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குத் திருட்டு டிஸ்க் வாங்கி விளையாடிய காலம். யாரும் மறைப்பதில்லை, நானும் மறைக்கவில்லை. முதல் கிராஷ் கேமில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. நடுவில் வரும் போனஸ் கட்டத்தை முடித்தால்தான் சேமிக்கவோ கடவுச்சொல் வாங்கவோ விடும். ஜெனரேட்டர் கற்றுக்கொடுத்த பழக்கம் இதற்கும் உதவியிருக்கிறது. பிறகு வேலை, கல்யாணம், லோரி. ஏறக்குறைய இருபது ஆண்டு கையில் கண்ட்ரோலர் இல்லை.

முதல் காரணம்: என் டிவி

வெட்கத்தோடு எழுதுகிறேன். முந்தின இரவு பந்து பார்ப்பதற்காக டிவியின் படத்தை விளையாட்டு ஒளிபரப்பு முறைக்கு மாற்றியிருந்தேன். காலையில் கேம் முறைக்குத் திருப்ப மறந்துவிட்டேன்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காக: பழைய டியூப் டிவியில் சிக்னல் வர வர, மின்கதிர் வரி வரியாகத் திரையில் வரைந்துகொண்டே போகும். காத்திருப்பதே இல்லை. தட்டை டிவி அப்படி இல்லை. வந்த படத்தை வாங்கி வைத்து, கூர்மையாக்கி, நிறம் ஏற்றி, அசைவை வழவழப்பாக்கி, அப்புறம்தான் காட்டும். பந்து ஒளிபரப்பில் இந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. கேமில் தெரியும். நாம் பொத்தானை அமுக்கியதும் கிராஷ் தாவிவிட்டது, ஆனால் தாவியதை டிவி இன்னும் நமக்குச் சொல்லவில்லை. கேம் முறையில் இந்த அலங்காரங்களில் பெரும்பாலானவை அணைந்துவிடும்.

அளந்து பார்ப்பது எளிது. ஹேண்ட்போனில் ஒரு நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனைப் போட்டு, பொத்தான் மேல் இருக்கும் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பிடிக்க வேண்டும். விரல் அமுங்கியதிலிருந்து கிராஷின் கால் தரையை விடும் வரை எத்தனை படம் என்று எண்ணினால் போதும். ஒரு படம் சுமார் 4 மில்லிநொடி. பையன்தான் எண்ணினான், இரண்டு தடவை. கேம் முறைக்கு மாற்றியதும் படங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகியது.

அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். முன்னைப் போல் விழவில்லை. ஆனாலும் விழுந்தார்.

"இப்ப பரவால்ல தம்பி. ஆனா இன்னும் அது வரல."

எது வரவில்லை என்று கேட்டேன். கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிக் காட்டினார்.

(இடையில் ஒன்று. மைக்ரோ ஜீனியஸோடு வந்த துப்பாக்கியை யாராவது பரணிலிருந்து எடுத்து வந்து, வாத்து சுடும் கேம் ஏன் தட்டை டிவியில் வேலை செய்யவில்லை என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். டியூப் டிவி எந்தக் கணத்தில் வெளிச்சத்தைக் காட்டும் என்று நம்பித்தான் அந்தத் துப்பாக்கியைச் செய்தார்கள். தட்டை டிவி அந்தக் கணத்தைத் தவறவிடுகிறது. துப்பாக்கியைப் பிரித்துப் பயனில்லை, காசை மிச்சப்படுத்துங்கள்.)

இரண்டாவது காரணம்: கிராஷின் கால்

இரண்டாம் சனிக்கிழமை ஸ்டோரிலிருந்து 21 அங்குல டியூப் டிவியைத் தூக்கி வந்தேன். தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக் கதை. அண்ணன் வீட்டிலிருந்து பிஸ்கட் டின்னில் டிஸ்க் வந்தது, தலைப்பை யாரோ மார்க்கர் பேனாவில் எழுதியது. என்னிடம் பழைய பிளேஸ்டேஷன் ஒன்று இருந்தது. லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்த பெட்டி, நேராக வைத்தால் படிக்காது. பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததும் ஓடியது. அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்த வைத்தியம் தெரியும். பையன் மட்டும் நான் மாயம் செய்ததுபோல் பார்த்தான்.

இரண்டாவது முயற்சியில் அண்ணன் பாலத்தைத் தாண்டினார். சும்மா தாண்டவில்லை. பலகையிலிருந்து பக்கத்துக் கயிற்றின் மேல் ஏறி, பன்றிகளைக் கீழே விட்டுவிட்டு, கைப்பிடிக் கயிற்றின் மேலேயே நடந்தார். அவர் வாய் பேசிக்கொண்டிருந்தது, கண் பாதி நேரம் பையன் முகத்தில் இருந்தது, கட்டைவிரல்கள் மட்டும் தனியாக வேலை செய்தன.

பிறகு பையன் உட்கார்ந்தான். ரீமேக்கில் அந்தப் பாலத்தை முந்தின வாரமே மூன்றாவது முயற்சியில் முடித்தவன். பழைய டிஸ்கில் எட்டுத் தடவை விழுந்தான்.

இதுதான் எனக்குக் கிடைத்த பெரிய துப்பு. மாமா புதியதில் விழுகிறார், மருமகன் பழையதில் விழுகிறான். அப்படியானால் கை கெட்டுப் போகவில்லை. இரண்டு கேமும் வேறு வேறு.

ரீமேக்கைச் செய்தது விக்கேரியஸ் விஷன்ஸ் என்ற அமெரிக்கக் குழு. பழைய கட்டங்களின் வடிவங்கள், வீட்டுக்குக் கம்பிக்கூடு கட்டுவதுபோல் வெறும் கூடுகளாக, அவர்களுக்குக் கிடைத்தன. பலகை எந்த இடத்தில், எத்தனை இடைவெளியில் என்பதெல்லாம் அதனால் அப்படியே இருக்கிறது. ஆனால் மேலே ஓடும் இயந்திரம் புதிது. கிராஷின் உடம்பு பலகையைத் தொட்டதா இல்லையா என்று கணக்குப் போடும் முறை வேறு. பழையதில் கிராஷின் கால் தட்டை. விளிம்பில் கொஞ்சம் பட்டாலும் நின்றுவிடும். புதியதில் மாத்திரை போல் அடிப்பக்கம் உருண்டை. விளிம்பில் பட்டால் வழுக்கி விழும். இதைப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசிகர்கள் முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாம் கிராஷின் கையாளுதலைத்தான் அடித்தளமாக எடுத்தோம், மோதல் கணக்கும் மாறியிருக்கிறது, சில தாவல்களுக்கு முன்னைவிடத் துல்லியம் வேண்டும் என்று குழுவும் வெளிப்படையாகச் சொன்னது.

இதைக் கோளாறு என்று எழுத மாட்டேன். மூன்று கேமுக்கும் ஒரே கையாளுதல் என்பது நியாயமான முடிவுதான். மூன்றாவதில் மட்டும் இருந்த நேரப் பந்தயத்தை முதல் இரண்டுக்கும் கொடுத்தார்கள். கிராஷின் தங்கை கோகோவையும் மூன்றிலும் ஆட விட்டார்கள். அந்தக் காலத்தில் ரொம்பக் கடினம் என்று ஒதுக்கிவிட்ட 'ஸ்டார்மி அசென்ட்' கட்டத்தைக்கூட உயிர்ப்பித்தார்கள். பையனைப் போல் புதிதாக வருகிறவனுக்கு இது அருமையான தொகுப்பு. கை நினைவோடு வருகிறவருக்குத்தான் வம்பு. கண்ணுக்கு 'இது உன் பழைய வீடு' என்கிறது, காலை வைத்தால் படிக்கட்டு ஓர் அங்குலம் தள்ளியிருக்கிறது. வேறு வீடு என்று தெரிந்திருந்தால் பார்த்து ஏறியிருப்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கேம்

ஒரு துப்பை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அதே குழு செய்த இன்னொரு ரீமேக்கைப் போட்டேன்: 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 1 + 2', 2020 செப்டம்பர். மூலம் 1999, 2000 ஆண்டுகளில் நெவர்சாஃப்ட் செய்தது. சறுக்குப் பலகையில் ஏறி, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்த வித்தையெல்லாம் காட்ட வேண்டும். நேரம் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது.

அண்ணன் உட்கார்ந்து, 'வேர்ஹவுஸ்' கட்டத்தின் முதல் சரிவில் இறங்கினார். இருபது விநாடியில் தோள்பட்டை தளர்ந்தது. "ஆங். இது அதுதான்."

படம் சுத்தமாக மாறியிருக்கிறது. தரையில் வெயில் விழுகிறது, சுவரில் துரு தெரிகிறது. ஆனால் தாவும் உயரம், கம்பியில் சறுக்கும்போது தடுமாறும் வேகம், தரையிறங்கும் தப்பு எல்லாம் கைக்குத் தெரிந்த கணக்கு. காரணம் இருக்கிறது. இந்தத் தடவை குழு நெவர்சாஃப்ட்டின் பழைய கையாளுதல் நிரலையே எடுத்து அடித்தளமாக்கியது. மூன்றாம் பாகத்தில் வந்த 'ரிவர்ட்' போன்ற பிற்கால வித்தைகளும் சேர்ந்திருக்கின்றன, ஆனால் வேண்டாதவர் அமைப்பில் போய்ப் பழைய வித்தைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே குழு, மூன்று ஆண்டு இடைவெளி. முதலில் வடிவத்தை வாங்கிக் கையாளுதலைப் புதிதாகக் கட்டினார்கள். இரண்டாவதில் கையாளுதலை வாங்கி வடிவத்தைப் புதிதாகக் கட்டினார்கள். அந்தக் குழுவே பிறகு வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்துபோனது, அது வேறு வருத்தம்.

நினைவே இல்லாத கேம்

அண்ணனுக்கு நினைவே இல்லாத கேம் ஒன்றும் வேண்டும் என்று தோன்றியது. 'வொண்டர் பாய்: தி டிராகன்ஸ் ட்ராப்'. மூலம் 1989, சேகா மாஸ்டர் சிஸ்டம். ரீமேக் 2017, லிசார்ட்கியூப் என்ற சிறிய பாரிஸ் குழு. ஓமர் கோர்னூ நிரல், பென் ஃபிகே ஓவியம். பழைய கேமைப் பிரித்துப் பிரித்து அதன் கணக்கைப் புரிந்துகொண்டு, மேலே கையால் வரைந்த கார்ட்டூனைப் போர்த்தியிருக்கிறார்கள். பழைய பெட்டியில் எழுதி வைத்த கடவுச்சொல்கூட இதில் வேலை செய்யும்.

இதில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஆடிக்கொண்டே இருக்கும்போது அமுக்கினால் புதுப் படம் போய்ப் பழைய 8 பிட் படம் வரும், மறுபடி அமுக்கினால் திரும்பும். பையன் அதை விளக்கு சுவிட்ச் போலத் தட்டிக்கொண்டே இருந்தான். தாவலின் நடுவில் தட்டினான், எதிரி அடிக்கும்போது தட்டினான். பல்லிமனிதன் காற்றில் இருந்தபடியே உடை மாற்றிக்கொண்டது. ஆனால் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது. கடையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்த ஒரே கேம் இதுதான். ஹேண்ட்போன் கண்ணாடி மாற்ற வந்த ஒரு பாட்டி உட்பட. பாட்டிக்குப் பழைய படம்தான் பிடித்தது. "புதுசு கண்ண கூசுது," என்றார்.

அண்ணன் சொன்னது முக்கியம்: "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கைக்கு ஒரே எடை." பழையது எது என்று தெரியாதவர் கையே இதைச் சொல்கிறது.

இங்கே கண்ணுக்கும் கொஞ்சம் நியாயம் சொல்ல வேண்டும். "பழைய கேம் அப்ப நல்லா அழகா இருந்திச்சே, இப்ப ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்காதவர் இல்லை. நினைவு பொய் சொல்கிறது என்போம். பாதிதான் பொய். முதல் பிளேஸ்டேஷனின் படம் பெரும்பாலும் 320க்கு 240 புள்ளி அளவில்தான் இருக்கும், சுவர்கள் நடுங்கும். ஆனால் டியூப் திரையில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று கசிந்து கலந்து, கோலப்பொடி பரவினதுபோல் மென்மையாகத் தெரியும். அதே சிக்னலைத் தட்டை டிவியில் செருகினால் ஒவ்வொரு புள்ளியும் மொசைக் கல்லாக முறைக்கும். பல டிவிகள் அந்தச் சிக்னலைத் தப்பாகப் புரிந்துகொண்டு படத்தை மேலும் குழப்பும், தாமதமும் கூடும். டியூப் டிவியை ஓட்டியதும் பையன் சொன்னான்: "ஓ, இப்படியா இருந்திச்சு?"

அக்கா வந்த நாள்

மூன்றாம் சனிக்கிழமை பையனை அழைத்துப்போக அவன் அம்மா வந்தார். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். தம்பி விளையாட, பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து வழி சொன்னவர் அந்தக் காலத்தில் இவர்தானாம். திரையில் 'ரெசிடென்ட் ஈவில்' என்ற திகில் கேம். 1996இல் வந்த மூலத்தை, அதை இயக்கிய ஷின்ஜி மிகாமியே 2002இல் கேம்கியூபுக்காகப் புதிதாக எடுத்தார். பிறகு அது மெருகேற்றப்பட்டு இன்றைய பெட்டிகளுக்கும் வந்திருக்கிறது.

ஜன்னல் வரிசையான ஒரு நடை. 1996இல் அந்த வழியாகப் போனவர்களுக்கு அது மறக்காது. கண்ணாடி உடைந்து நாய் பாயும்.

"இரு இரு, இங்கதான் நாய் வரும்," என்று அக்கா சோபாவின் கையைப் பிடித்தார்.

தம்பி நடந்தார். கண்ணாடியில் விரிசல் விழுந்தது. நாய் வரவில்லை. இன்னும் இரண்டடி. வரவில்லை. கதவு.

"ச்சே, எடுத்துட்டானுங்களா," என்று அக்கா கையை விட்டார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பையனைக் கிளம்பச் சொன்னார். தம்பி வேறு வேலையாக அதே நடையில் திரும்பி வந்தார். அப்போது பாய்ந்தது.

அக்கா போட்ட சத்தத்தில் முன்பக்கம் நின்ற வாடிக்கையாளர் வெளியே ஓடிவிட்டார்.

இது என் கணக்கைக் கலைத்துப் போட்டது. அதுவரை 'கைக்குத் தெரிந்ததை மாற்றாதே' என்று எழுதி வைத்திருந்தேன். மிகாமி மாற்றியிருக்கிறார். ஆனால் பழைய ஆள் எந்த இடத்தில் மூச்சைப் பிடிப்பார் என்று தெரிந்து மாற்றியிருக்கிறார். கொன்ற பிணத்தை எரிக்காமல் விட்டால் பின்னால் வேகமாக எழுந்து வரும் என்ற புது விதியும் அப்படித்தான். 'கொன்றுவிட்டேன், இந்த அறை பத்திரம்' என்று பழைய ஆள் மனசுக்குள் போட்டிருந்த டிக் அடையாளத்தை அழித்துவிட்டார்.

'ரெசிடென்ட் ஈவில் 2' இன்னும் சிக்கல். மூலம் 1998, ரீமேக் 2019 ஜனவரி. கைக்குத் தெரிந்தது அதில் ஒன்றுமே மிச்சமில்லை. பழையதில் கேமரா கூரை மூலையில் அசையாமல் நிற்கும். பாத்திரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் மேல்பொத்தான் என்றால் அதற்கு முன்னால்தான், பீரங்கி வண்டி ஓட்டுவதுபோல். புதியதில் கேமரா தோளுக்குப் பின்னால். கதவு மெதுவாகத் திறக்கும் அந்தக் கறுப்புத் திரைக் காட்சியும் இல்லை. அடுத்த அறையை டிஸ்கிலிருந்து ஏற்றும் நேரத்தை மறைக்க வைத்த தந்திரம் அது, இப்போது அவசியமில்லை. என் கணக்குப்படி அண்ணன் புகார் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இரவு பத்து வரை எழுந்திருக்கவில்லை. ரீமேக்குகளிலேயே எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் நானும் இதைத்தான் சொல்வேன்.

ஏன் என்று அவர் கையைப் பார்த்தபோது புரியவில்லை, உதட்டைப் பார்த்தபோது புரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். "ஆறு... நாலு... ரெண்டு வச்சுக்குவோம்." தோட்டா. பையில் எத்தனை இடம், மூலிகையை இப்போது தின்பதா அப்புறமா, காலடி ஓசை மேல் மாடியிலா கீழேயா. 1998இல் தலைக்குள் ஓடிய அதே கணக்கு. நம்மைத் துரத்தும் அந்த நெடிய அரக்கன் பழையதில் குறிப்பிட்ட இடங்களில்தான் வருவான், இதில் கட்டிடம் முழுக்கத் தேடித் துரத்துகிறான். கணக்கு மாறவில்லை, வட்டி ஏறியிருக்கிறது.

அங்கேதான் என் முதல் முடிவை அடித்துவிட்டு வேறு எழுதினேன். ஆடும்போது ஆள் மனசுக்குள் எதை எண்ணிக்கொண்டிருந்தாரோ அதைக் காப்பாற்ற வேண்டும். கிராஷில் எண்ணியது தாவலின் நேரம். டோனி ஹாக்கில் இரண்டு நிமிடக் கடிகாரம். ரெசிடென்ட் ஈவிலில் தோட்டா. அதைத் தொடாமல் மற்ற எதை வேண்டுமானாலும் இடித்துக் கட்டலாம்.

மற்றவை, சுருக்கமாக

'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' 2005இல் வந்தது, ப்ளூபாயிண்ட் என்ற குழு 2018இல் புதுப்பித்தது. 16 ராட்சதர்கள், அவர்கள் முதுகில் மயிரைப் பிடித்துத் தொங்கும்போது கை தளரும் வட்டம் ஒன்று குறைந்துகொண்டே வரும். எண்ண வேண்டியது அந்த வட்டத்தை. அப்படியே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2இல் திணறித் திணறி ஓடிய படம் இதில் திணறவில்லை. பையனுக்குக் குதிரை சொல் கேட்கவில்லை என்று கோபம். கேட்காது, அது மூலத்திலேயே அப்படித்தான்.

'ஃபைனல் ஃபேண்டஸி 7' பற்றி வழக்கு இன்னும் நடக்கிறது. 1997இல் மூன்று சிடியில் வந்த கதையின் முதல் பகுதியை மட்டும், மிட்கார் நகரத்தை மட்டும், 2020இல் ஒரு முழு கேமாக நீட்டினார்கள். மூலத்தில் சில மணி நேரத்தில் கடந்துவிடும் ஊர் அது. சண்டை முறை வாள்வீச்சாக மாறிவிட்டது. ஆனால் நிரம்பி வரும் அந்தக் கட்டளைப் பட்டையை விடவில்லை. அது நிரம்பியதும் கட்டளைப் பட்டியலைத் திறந்தால் காலம் மெதுவாகும், யோசித்துக் கட்டளை கொடுக்கலாம். எண்ண வேண்டியதைக் காப்பாற்றியிருக்கிறார்கள், சரி. கதையில் மட்டும், பழைய பாதையிலிருந்து விலகினால் தடுக்க வரும் பேய்களை நுழைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு அது எரிச்சல். அக்காவுக்குப் பிடித்தது. அகராதி வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் மூன்று சிடியும் முடித்தவர் அக்காதான் என்று அப்போதுதான் தெரிந்தது. தம்பி முடிக்கவே இல்லை.

'ரெசிடென்ட் ஈவில் 3', 2020. மணிக்கூண்டுக்கு உள்ளே சுற்றும் பகுதியையே காணோம். அண்ணன் அதைத் தேடிக்கொண்டே ஆட்டத்தை முடித்துவிட்டார், முடிந்தது என்று நம்பவும் இல்லை.

என் கடையில் பிளேஸ்டேஷன் 5 இல்லை. 'டீமன்ஸ் சோல்ஸ்', 2024இல் வந்த 'சைலன்ட் ஹில் 2' போன்றவை அதனால் இந்த ஆய்வுக்குள் வரவில்லை. மூன்று பேரை வைத்து, அதிலும் இருவர் அக்கா தம்பி, ஒருவர் மகன், இதற்கு மேல் எதையும் நிரூபித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

முடித்த விதம்

செய்ததெல்லாம் சின்ன வேலைகள். இரண்டு டிவியும் இப்போது கேம் முறையில் இருக்கின்றன, ரிமோட் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, பந்து பார்க்க வீட்டுக்குத்தான் போக வேண்டும். கிராஷ் கேட்டு வரும் நாற்பது வயதுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, விளிம்பில கால் வைக்காதீங்க, பலகைக்கு நடுவுல வைங்க." முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை. விழுந்த பிறகு கேட்கிறார்கள்.

விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை அண்ணன் வந்து அந்தப் பாலத்தில் மறுபடி நின்றார். கயிற்றின் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில், ஏதோ ஈரத்தரையில் நடப்பவர்போல், நிதானமாகத் தாவி அக்கரை சேர்ந்தார்.

"பாத்தியா?" என்றான் பையன். "கண்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு."

"இது வேற பாலம்டா. பேரு மட்டும்தான் அது."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பெட்டி டிவி சும்மாதானே கெடக்குது. எவ்வளவுக்குத் தர?"

புகார்ப் புத்தகத்தில் அன்று மாலை எழுதியது: கண்ட்ரோலர் மூன்றும் நல்ல நிலை. டிவி அமைப்பு, கடைக்காரர் தவறு. மூன்று வெள்ளி திருப்பிக் கொடுத்தாயிற்று. டியூப் டிவி விற்பனைக்கு இல்லை.